ஆறாம் இலக்கக் கட்டம்

நட்டஈட்டுப் படிவத்தில் ஆறாம் இலக்கம்:
இறந்தவரின் குடும்ப விபரம்.
இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள்.
அம்மாவின் பெயருக்கே முதல் கோடு போதவில்லை.
வேறு தாளில் பென்சிலால் எழுதிக் கொண்டுவா,
வேண்டியதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார்
தொழில் கந்தோர் நோனா.
ஆகவே இது பென்சில்.
ரயில் ஆடுகிறது, எழுத்தும்.

பெயர் தயாபரன். வயது இருபத்திமூன்று.
பிறப்புச் சான்றிதழில் தயாபரம்.
அடையாள அட்டையில் தாயாபாரன்.
சேமலாப நிதிக் கடதாசியில் எஸ். டயா.
மூவரும் ஒருவரே என்று
சத்தியக் கடதாசி முடிக்க
என் ஒரு நாள் கொழுந்து போனது.
செத்தது ஒருவன்தான், ஐயா.

பூட்டன் வீரபத்திரன் துறையூர்ப் பக்கம்.
ஊர்ப்பெயர் சொன்னதில்லையாம்,
"ஒரு கிணறு, ஒரு கடன்" என்பாராம்.
தோட்டத்துக்கு வந்தவரல்ல,
ரயில்பாதைக்கு மலை குடைய வந்தவர்.
வெடிமருந்து இடக்கையில் இரண்டு விரலை எடுத்துக்கொள்ள
மீதி எட்டோடு ஊசிக்கல் தோட்டத்தில் ஏறினார்.
பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை
முழுப்பேர் போடுவதா அரைப்பேர் போடுவதா என்று
அவர் விரல்களை எண்ணிப் பார்த்தானாம்.

தாத்தா பெருமாளுக்கு
இரண்டு நாடுகள் கடிதம் போட்டன.
ஒன்று போ என்றது,
ஒன்று பிறகு வா என்றது.
அத்தை குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியது.
கோத்தகிரியிலிருந்து மூன்று கடிதம் வந்தது.
நாலாவதை எழுதியிருப்பாள்,
லயத்து நம்பரை அதற்குள் மாற்றிவிட்டார்கள்.

அப்பா சன்னாசி, கவ்வாத்துக்காரர்.
மண்ணுக்கு மேலே செய்யும் வேலைக்கு
வெயில் சாட்சி என்பார்.
மண்ணுக்குக் கீழே மூன்று மடங்கு சம்பளம் என்றான் தம்பி.
அதற்கு மேல் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.
முதல் சம்பளத்தில் அப்பாவுக்குச் சப்பாத்து வாங்கினான்.
ஒரு அளவு சிறியது. இன்றும் போடுகிறார்.

சின்னதில் பதுளை ரயிலில்
ஒவ்வொரு சுரங்கத்திலும் கூவென்று கத்துவான்.
இது எங்கள் பூட்டன் வெட்டினது என்று
பக்கத்தில் இருப்பவருக்குச் சிங்களத்திலும் சொல்வான்.
எது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.
எல்லாவற்றிலும் கத்துவான்.

அவன் வேலை செய்தது தண்ணீருக்கான சுரங்கம்.
எங்கள் மலைக்கு அடியால்தான் போனது.
மாசியில் பீலி மெலிந்தது.
பங்குனியில் நின்றது.
"நம்ம பீலித் தண்ணி
என் தலையிலதான் ஒழுகுது, அக்கா"
என்று சிரித்தான்.
அந்தச் சிரிப்பை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கூரைக்கல் இறங்கியது புதன், இரவு ஷிப்டில்.
குளிப்பாட்டப் பீலியில் தண்ணீரில்லை.
கம்பனி பௌசர் அனுப்பியது.
எங்கிருந்து நிரப்பினீர்கள் என்று
சாரதியிடம் கேட்க வாயெடுத்து
விட்டுவிட்டேன்.

அவனோடு நின்ற சந்திரபாலவிடம்
அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:
கத்தினானா?
மெஷின் சத்தம் அம்மே, என்றார் அவர்.
காதில் பஞ்சு வைத்திருந்தோம்.
பிறகு எங்கள் வாசலிலேயே
விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.
படிவத்தில் சாட்சி என்ற இடத்தில் அவர் பெயர்.

தங்கி வாழ்வோர்: தாய், தந்தை, அக்கா.
அடைப்பதற்கு இன்னும் கடன் உண்டு,
அதற்குக் கட்டமில்லை.

தெமோதரை தாண்டினால் சுரங்கம்.
இதோ, இருட்டிவிட்டது.
பெட்டி முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல்.
எதிரே அம்மா இருக்குமிடத்திலிருந்தும்
ஏதோ ஒரு சத்தம்.
கோட்டுக்கு வெளியே போயிருந்தால்
மன்னிக்கவும், நோனா,
இந்த வரியைப்
பார்த்து எழுதவில்லை.